முதல் சம்பளத்தில் தனிக்குடித்தனம்: செலவை அளந்து செய்ய ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ வேலை கிடைத்து வந்து, விடுதி வாழ்க்கை சலித்துப்போய், முதன்முறையாக வாடகைக்கு வீடு பிடித்துக் குடித்தனம் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியாளாக இருந்தாலும், நண்பர்கள் இருவராக இருந்தாலும், புதிதாக மணமான தம்பதியராக இருந்தாலும், முதல் சில மாதங்களில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். சம்பளம் வந்த வாரத்தில் கை தாராளமாக இருக்கும். 20ஆம் தேதிக்கு மேல் யாரிடமாவது கைமாற்று கேட்க நேரும். பணம் எங்கே போயிற்று என்று உட்கார்ந்து யோசித்தால், பெரிதாக எதையும் வாங்கியதாக நினைவுக்கு வராது.

சிக்கனம் என்றவுடன் கடைத் தேநீரை நிறுத்தச் சொல்கிற அறிவுரைதான் முதலில் கிடைக்கும். 15 ரூபாய்த் தேநீரை நாளுக்கு இரண்டு முறை குடிப்பதை நிறுத்தினால் மாதம் 900 ரூபாய் மிஞ்சும் என்பது கணக்குப்படி சரிதான். ஆனால் அந்தத் தேநீரை மனவருத்தத்தோடு விட்டவர்களில் பலர், தவணையில் வாங்கிய கைபேசிக்கும் இடம் பார்க்காமல் பிடித்த வீட்டுக்கும் அதைப்போல் மூன்று மடங்கை ஒவ்வொரு மாதமும் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த விலையையும் தனியாகப் பார்க்காமல், கிலோவுக்கு எவ்வளவு, யூனிட்டுக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு, ஒரு முறை பயன்படுத்த எவ்வளவு என்று ஏதேனும் ஓர் அளவோடு சேர்த்துப் பார்க்கப் பழகிக்கொண்டால், எதை விட வேண்டும், எதை விட வேண்டியதில்லை என்பது தானாகத் தெரியத் தொடங்கும். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த ஒரு பழக்கத்தின் கிளைகளே.

முதல் மாதம் எழுதுவதற்கு மட்டும்

முதல் மாதத்தில் எதையும் குறைக்க முயல வேண்டாம். வழக்கப்படி செலவு செய்து, அதை எழுதி மட்டும் வையுங்கள். யுபிஐ வழியாகக் கொடுத்த பணத்தின் பட்டியல் கைபேசியிலேயே இருக்கிறதே என்று தோன்றலாம். அதில் கடைக்காரரின் பெயரும் தொகையும் மட்டுமே இருக்கும்; மளிகைக் கடையில் கொடுத்த 640 ரூபாயில் பருப்புக்கும் எண்ணெய்க்கும் போனது எவ்வளவு, பிஸ்கட்டுக்கும் குளிர்பானத்துக்கும் போனது எவ்வளவு என்பதை அது சொல்லாது. 40 பக்க நோட்டு ஒன்றை அடுப்படி அலமாரியில் வைத்து, இரவு படுக்கும் முன் 5 நிமிடம் ஒதுக்கினால் போதும். இருவர் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறீர்கள் என்றால் ஒரே நோட்டில் இருவரும் எழுதுவது நல்லது. யார் அதிகம் செலவழிக்கிறார்கள் என்ற சண்டை அப்போது ஊகத்தில் இராது.

மாதக் கடைசியில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். வாடகை, அரிசி, மருந்து போலத் தவிர்க்க முடியாதவற்றுக்கு ஒரு குறி. விரும்பிச் செய்த, நினைவில் நிற்கிற செலவுகளுக்கு இன்னொரு குறி. செய்ததே மறந்துபோன செலவுகளுக்கு மூன்றாவது குறி. சிக்கனத்தைத் தொடங்க வேண்டிய இடம் இந்த மூன்றாவது வகைதான், ஏனென்றால் அவற்றை நிறுத்தினால் எந்த இழப்பும் உணரப்படாது. மழை நாளில் 120 ரூபாய் உணவுக்குக் கொடுத்த 70 ரூபாய் விநியோகக் கட்டணமும் பொதிக்கட்டணமும் இந்த வகையில் வரும். ஒரே ஒரு தொடரைப் பார்ப்பதற்காகச் சேர்ந்து, பிறகு மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளப்படும் சந்தாவும் வரும். உங்கள் யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியைத் திறந்து பார்த்தால் அப்படி எத்தனைக்கு ஒப்புதல் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பது தெரியும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கிவிடலாம்.

வீடு: வாடகை என்பது வாடகை மட்டும் இல்லை

வீட்டைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நாள் முடிவு, அதற்குப் பின் வரும் நூறு சிறு முடிவுகளைவிடப் பெரியது. அலுவலகத்திலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளி 10,000 ரூபாய்க்கு ஒரு வீடும், பேருந்தில் சில நிறுத்தங்கள் தள்ளி 12,000 ரூபாய்க்கு ஒரு வீடும் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டிலிருந்து இருசக்கர வாகனத்தில் மாதம் 25 நாள் போய்வந்தால் 900 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கிடைத்தாலும் 20 லிட்டர் பெட்ரோல், அதாவது லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில் 2,000 ரூபாய். வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கேயே தீர்ந்துவிடும். வண்டித் தேய்மானமும், சாலையில் கழியும் மணிகளும் தனி. நகரப் பேருந்து நெரிசலாக இருந்தாலும் மாதப் பாஸ் இந்தப் பெட்ரோல் செலவை எளிதில் தோற்கடிக்கும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்பதால், வேலைக்குப் போகும் பெண்கள் அந்தப் பேருந்து எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டே வீடு தேடலாம்.

முன்பணத்துக்கும் ஒரு மாத விலை உண்டு. சென்னையில் 10 மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு செய்துகொள்ளாதவரை 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அதை எடுத்துச் சொல்லிக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை. எல்லா வீட்டுக்காரர்களும் இறங்கி வருவார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஒரு லட்ச ரூபாய் முன்பணம் வட்டியில்லாமல் கிடந்தால், வங்கி வைப்பில் 6.5 சதவீதம் கிடைத்திருக்கும் என்ற கணக்கில், ஆண்டுக்கு 6,500 ரூபாய், மாதத்துக்கு 540 ரூபாய் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் வாடகைதான். அதுவே ஊரிலிருந்து கடன் வாங்கிக் கட்டிய முன்பணமாக இருந்தால் அந்தத் தொகை இரட்டிப்பாகும்.

வீடு பார்க்கப் போகும்போது சுவரின் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் மின்மீட்டரைப் பாருங்கள். அந்தக் குடியிருப்புக்கென்று தனி இணைப்பு இருக்கிறதா, அல்லது வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து துணைமீட்டர் வைத்துப் பிரித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்த பகுதியில் விளங்கும். நான் முதலில் குடியிருந்த வீட்டில் மூன்று குடித்தனத்துக்கு ஒரே இணைப்பு. மாதம் 70 யூனிட் மட்டுமே செலவழித்த நான் யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் 11 மாதம் கட்டினேன். தனி இணைப்பு உள்ள வீட்டில், மின்வாரியத்துக்கு நேராகக் கட்டியிருந்தால் அதில் கால் பங்குகூட ஆகியிருக்காது.

மின்சாரம்: 500 என்ற எல்லைக்கோடு

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் யூனிட்டின் விலை படிப்படியாக ஏறும் என்பது பலருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் பின்னோக்கிப் பறிபோகும் என்பது பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட விகிதத்தை வைத்துப் பார்ப்போம். இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால், முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய் வீதம் 225, அடுத்த 200 யூனிட் 4.50 வீதம் 900, கடைசி 100 யூனிட் 6 ரூபாய் வீதம் 600, ஆக மொத்தம் 1,725 ரூபாய். அதே வீட்டில் 510 யூனிட் ஓடியிருந்தால், 2.25 ரூபாய்ப் படியே மறைந்து, 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டும் 4.50 ஆகிவிடும். அந்த 300 யூனிட்டுக்கு 1,350, அடுத்த 100 யூனிட் 6 ரூபாய் வீதம் 600, 500க்கு மேற்பட்ட 10 யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 80, ஆக 2,030 ரூபாய். கூடுதலாக எரித்த 10 யூனிட்டுக்கு நீங்கள் கொடுத்த விலை 305 ரூபாய். அதன் பிறகு யூனிட் விலைகள் ஏறியிருக்கின்றன என்பதால், உங்களுடைய கணக்கை நடப்பு விகிதத்தை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டின் இயல்பு புரிந்துவிட்டால் எண்களை மாற்றிக்கொள்வது எளிது.

துணைமீட்டர் வீட்டில் இழப்பு ஏன் என்பதும் இப்போது தெரியும். மூன்று குடித்தனங்கள் தலைக்கு 200 யூனிட் எரித்தாலும் மீட்டரில் 600 என்றுதான் விழும். அப்போது 100 யூனிட் இலவசம் ஒரு முறைதான் கிடைக்கும், மேல்படி விலை எல்லோர் தலையிலும் ஏறும்.

தனி இணைப்பு இருந்தால் செய்ய வேண்டியது மிக எளிது. கணக்கெடுப்பவர் வந்துபோன அன்று மீட்டரைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். 30ஆம் நாள் மீண்டும் பாருங்கள். 250க்கு மேல் ஓடியிருந்தால் அடுத்த மாதம் குளிர்சாதனத்தை எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ள முடியும். கணக்கெடுப்பு 60 நாளைத் தாண்டித் தள்ளிப்போனால், அந்த உபரி நாட்களின் யூனிட்டும் இதே கணக்கில் சேர்ந்து எல்லைக்கோட்டைத் தாண்டவைக்கக் கூடும். எல்லைக்கு அருகில் ஓடும் வீட்டில் இருப்பவர்கள் நாளைக் குறித்து வைத்திருந்து, தாமதமானால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

சாதனங்களில் எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பதற்கும் இதே அளவுகோல்தான். பழைய வகை மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி என்ற பெயரில் விற்கும் புதிய மோட்டார் வகை 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 15 மணி நேரம் சுழலும் விசிறியில் இந்த வேறுபாடு இரண்டு மாதத்துக்குச் சுமார் 40 யூனிட். இரண்டு விசிறி என்றால் 80 யூனிட். 560இல் நிற்கும் வீட்டை 480க்கு இறக்கிவிடும் அளவு அது. விருந்தினர் வந்தால் மட்டும் ஓடும் விசிறிக்கு அந்தச் செலவு வீண். குளிர்பதனப் பெட்டி இரவு பகலாக ஓடுவது என்பதால் அதற்கு நட்சத்திரக் குறியீடு பார்த்து வாங்குவது எப்போதும் சரி. குளிர்சாதனத்தின் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. 3 நட்சத்திரத்துக்கும் 5 நட்சத்திரத்துக்கும் லேபிளில் 200 யூனிட் வேறுபாடு இருந்து, விலையில் 7,000 ரூபாய் வேறுபாடு இருந்தால், கோடையில் இரண்டு மாதம் மட்டும் இரவில் ஓட்டுகிறவருக்கு அந்த 7,000 ரூபாய் திரும்பி வருவதற்குள் சாதனமே பழசாகிவிடும். லேபிளில் அச்சிட்ட ஆண்டையும் கவனியுங்கள். நட்சத்திரம் கொடுக்கும் அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால், பழைய ஆண்டின் 5 நட்சத்திரம் புதிய ஆண்டின் 5 நட்சத்திரத்துக்குச் சமம் ஆகாது.

அடுப்படியும் கடைத்தெருவும்

மளிகையில் முதலில் பழக வேண்டியது, பொட்டலத்தின் விலையை விட்டுவிட்டு எடையைப் படிப்பது. விலையை ஏற்றாமல் எடையைக் குறைப்பது இப்போது எல்லாப் பண்டத்திலும் நடக்கிறது. 10 ரூபாய் பிஸ்கட் 10 ரூபாயாகவே இருக்கும், உள்ளே ஓரிரண்டு பிஸ்கட் குறைந்திருக்கும். சமையல் எண்ணெயில் இது இன்னும் நுட்பமானது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் எடை இருக்கும். பார்வைக்கு லிட்டர் பொட்டலம் போலவே இருந்து, 800 கிராம் அல்லது 850 கிராம் என்று அச்சிட்டவையும் அதே அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கும். பொட்டலப் பொருள்களின் மேல் மொத்த விலையோடு, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிலிட்டருக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்ற விதி இப்போது இருக்கிறது. சிறிய எழுத்தில், விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு நிறுவனப் பொருள்களை ஒப்பிட அந்த ஒரு எண்ணே போதும்.

பெரிய பொட்டலம் மலிவு என்பதும் எப்போதும் உண்மை இல்லை. ஷாம்பூவைக் கடலூரில் சின்னி கிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கிய காலத்திலிருந்தே, நம் ஊரில் அந்தச் சிறு பாக்கெட்டுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஒன்றிரண்டு ரூபாய் என்ற விலையை மாற்ற முடியாமல் நிறுவனங்கள் தவிப்பதால், பல ஷாம்பூக்களில் பாட்டிலைவிடப் பாக்கெட்டில் மில்லிலிட்டர் விலை குறைவாக இருப்பதைக் காணலாம். காப்பித்தூளில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. கடையில் நின்று ஒரு முறை வகுத்துப் பார்த்தால் போதும்.

எந்தப் பொருளை எங்கே வாங்குவது என்பதற்கு என் அனுபவத்தில் ஒரே கடை விடையாக இருந்ததில்லை. பருப்பு, மிளகு, சீரகம் போன்றவற்றைச் சில்லறையாக நிறுத்துத் தரும் அண்ணாச்சி கடை தனியாளுக்கு மிகப் பொருத்தம். 50 கிராம் வெந்தயம் கேட்டால் சிரிக்காமல் கொடுப்பார். பெரிய அங்காடியில் எண்ணெயும் சோப்பும் தள்ளுபடியில் கிடைக்கும், ஆனால் அங்கே தள்ளுவண்டியை எடுக்காமல் கையில் ஒரு பையோடு, எழுதிய சீட்டோடு போக வேண்டும். காய்கறிக்கு, பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலையில் போய்விடுங்கள்; 1999இல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். சந்தைக்குப் போக முடியாத நாளிலும் அந்தப் பலகை விலை தெரிந்திருந்தால், தெருவில் வரும் வண்டிக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று எடைபோட முடியும். வண்டிக்காரரிடம் 5 ரூபாய்க்குப் பேரம் பேசுவதை நான் விட்டுவிட்டேன். மாதக் கணக்கில் அது எந்த மாற்றத்தையும் செய்யவில்லை.

அரிசிக் குடும்ப அட்டை உங்கள் பெயரில் இருந்தால் நியாய விலைக் கடையை ஒதுக்கிவிடாதீர்கள். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் சிறப்புத் திட்டத்தில் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுகின்றன. வெளிச்சந்தையில் துவரம்பருப்பு 100 ரூபாயைத் தாண்டி விற்கும்போது, அந்த ஒரு கிலோவே ஒரு சிறு குடும்பத்தின் பாதி மாதச் சாம்பாரைத் தாங்கும். சோற்றுக்கு அந்த அரிசி பிடிக்காதவர்கள்கூட அதன் புழுங்கல் அரிசியை இட்லி மாவுக்குப் போடுவது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான்.

மாவைப் பற்றிச் சொன்னதால் அதையும் கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் அரைத்தால் ஏறக்குறைய 3 கிலோ மாவு கிடைக்கும். கடையில் விற்கும் மாவோடு ஒப்பிட்டால் செலவு பாதிக்கும் குறைவு. ஆனால் கிரைண்டர் வாங்க வேண்டும், ஊறவைத்து அரைத்துக் கழுவ நேரம் வேண்டும், தனியாள் 3 கிலோ மாவைப் புளிப்பதற்குள் தீர்க்கவும் வேண்டும். ஒரு கிலோ கடை மாவில் 20 இட்லிக்கு மேல் வரும். அந்த 20 இட்லியை உணவகத்தில் சாப்பிட்டால் மாவின் விலையைப் போல நாலைந்து மடங்கு ஆகும். ஆகவே தனியாளாக இருக்கும்வரை கடை மாவு வாங்குவதே சிக்கனம் என்பது என் கருத்து. வீட்டில் மூன்று பேர் ஆனபிறகு கிரைண்டரைப் பற்றி யோசிக்கலாம். ‘வீட்டிலேயே செய்வது மலிவு’ என்ற பொது நம்பிக்கையை இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தயிருக்கு அது முழு உண்மை, ஊறுகாய்க்கு அரை உண்மை, அதிரசத்துக்கு உண்மையே இல்லை.

சாம்பார்ப்பொடி, மிளகாய்த்தூள் அரைத்து வைக்கும் வீடுகளில் புளியையும் மிளகாயையும் வருடச் சாமானாக வாங்குவது வழக்கம். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது விலை இறங்கும். கொட்டையும் கோதும் நீக்கி, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அடைத்தால் அடுத்த புளி வரும்வரை இருக்கும். இரண்டு பேர் வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம் என்றால், ஊரில் அம்மா வாங்கும்போது உங்கள் பங்குக்கு 2 கிலோ சேர்த்து வாங்கச் சொல்லிவிடுங்கள்.

எரிவாயு உருளையைப் பெறும்போது எடை பார்ப்பது உங்கள் உரிமை. உருளையின் மேல்வளையத்தில் வெற்று உருளையின் எடை பொறிக்கப்பட்டிருக்கும், அது 15.3 கிலோ என்றால், 14.2 கிலோ எரிவாயுவோடு சேர்த்துத் தராசு 29.5 காட்ட வேண்டும். மாட்டிய தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்தால், ஓர் உருளை எத்தனை நாள் வருகிறது என்பது மூன்றாவது உருளைக்குள் பிடிபட்டுவிடும். திடீரென்று 10 நாள் குறைந்தால், கசிவா, புகையும் பர்னரா என்று பார்க்க அதுவே அறிகுறி.

தவணை: விலையை மறைக்கும் திரை

‘மாதம் 2,000 ரூபாய்தான்’ என்ற பேச்சில் மயங்காதவர் குறைவு. 24,000 ரூபாய்க் கைபேசியை வட்டியில்லாத் தவணையில் 12 மாதத்துக்கு எடுத்தால், மொத்தம் கட்டுவது அதே 24,000தானே என்று தோன்றும். வங்கி வட்டி வாங்காமல் இருப்பதில்லை. வங்கி 16 சதவீத வட்டி போடுவதாகக் கொண்டால், இந்தத் தவணைக்குள் ஏறக்குறைய 1,960 ரூபாய் வட்டி இருக்கும். அந்தத் தொகையை விற்பவர் முன்கூட்டியே விலையில் தள்ளுபடியாகக் காட்டி ஈடு செய்கிறார். ஆனால் அந்த வட்டியின் மேல் விழும் 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 350 ரூபாய், உங்கள் தலையில்தான் விழும்; 199 ரூபாய்ச் செயற்பாட்டுக் கட்டணமும் அதன் வரியும் சேர்ந்தால் 235 ரூபாய். ‘வட்டியில்லா’ கைபேசியின் விலை 24,600க்கு அருகில் போய்விட்டது. முழுப்பணம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடையில் ஒரு முறை கேட்டால், உண்மையான வேறுபாடு இன்னும் அதிகம் என்பது சில நேரம் தெரியவரும். 600 ரூபாய்க்காகத் தவணையே கூடாது என்று சொல்லவில்லை. அந்த 600 ரூபாய் கொடுப்பது தெரிந்து கொடுப்பதாக இருக்கட்டும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது கடன் அட்டையில் ‘குறைந்தபட்சத் தொகை’ கட்டும் பழக்கத்தை. 40,000 ரூபாய்ப் பாக்கிக்கு 5 சதவீதம் என்ற கணக்கில் 2,000 ரூபாய் கட்டினால், மிச்சமுள்ள 38,000க்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி 1,330, அதன் மேல் வரி 239, ஆக 1,569 ரூபாய் ஏறும். நீங்கள் கட்டிய 2,000 ரூபாயில் கடன் குறைந்தது 431 ரூபாய் மட்டுமே. பாக்கி இருக்கும் மாதங்களில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காமல், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முழுத்தொகையைக் கட்ட முடியாத மாதம் வந்துவிட்டால், அட்டையை அலமாரியில் பூட்டிவிட்டு, அந்தப் பாக்கியைத் தீர்ப்பதையே மற்ற எல்லாச் சேமிப்புக்கும் முன்னால் வையுங்கள். எந்த வைப்பும் ஆண்டுக்கு 40 சதவீத வட்டி தராது.

வீட்டுச் சாமான்களைப் பொறுத்தவரை, குடிபுகுந்த மாதமே எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டும் என்ற பரபரப்புதான் பெரும் செலவு. பாய், இரண்டு பாத்திரம், குக்கர், அடுப்பு, வாளி ஆகியவற்றோடு தொடங்கி, ஒரு பொருள் இல்லாமல் 30 நாளில் எத்தனை முறை தவித்தீர்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள். சலவை இயந்திரம் பத்து முறை எழுதப்பட்டிருக்கும், மிக்சியும் அப்படியே, சோபா ஒரு முறைகூட எழுதப்பட்டிருக்காது. மரச்சாமானையும் கட்டிலையும் ஊர் மாறிப் போகிறவர்களிடம் பழசாக வாங்குவது புத்திசாலித்தனம்; மெத்தை, குக்கர், எரிவாயுக் குழாய் ஆகியவற்றைப் பழசாக வாங்கவே கூடாது.

மாதக் கணக்கில் வராத செலவுகள்

ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவர்களும் சறுக்குவது, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வரும் செலவுகளில். வாகனக் காப்பீடு, தீபாவளித் துணி, பொங்கலுக்கு ஊர்ப் பயணம், குலதெய்வக் கோயில் திருவிழா வரி என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி 12ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் எடுத்து வைத்தால் ஐப்பசியில் கடன் வாங்க வேண்டியிராது. இதில் மொய்யை விட்டுவிடாதீர்கள். வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே மாதத்தில் நான்கைந்து பத்திரிகை வந்து சேரும். போக்குவரத்தும் சேர்த்தால் 5,000 ரூபாய் எளிதில் போய்விடும். மொய்யைச் செலவு என்று மட்டும் எழுதுவது தவறு, ஏனென்றால் உங்கள் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். அதனால்தான் ஊரில் மொய் நோட்டைப் பத்திரப்பதிவு ஆவணம் போலப் பாதுகாக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு செய்தோம் என்று நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்புக்கு, நம் பாட்டிமார் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் ஒளித்து வைத்த சிறுவாட்டுப் பணத்தின் தந்திரத்தை மிஞ்ச எதுவும் இல்லை: பணம் கைக்கு வந்தவுடன், செலவு தொடங்கும் முன்பே, கண்ணில் படாத இடத்துக்கு அது போய்விட வேண்டும். இன்று அந்தப் பானையின் வேலையை அஞ்சலகத் தொடர்வைப்புக் கணக்கு செய்கிறது. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், 5 ஆண்டுக் காலம். முதலில் ஒரு மாதச் செலவுக்குச் சமமான தொகையைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில், அதுவும் யுபிஐயோடு இணைக்காத தனிக் கணக்கில், சேர்த்து வையுங்கள். அதன் பிறகே தொடர்வைப்பு. தெரிந்தவர் நடத்துகிறார் என்பதற்காகத் தீபாவளிச் சீட்டிலோ ஏலச்சீட்டிலோ சேர்வதற்கு முன், அது 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரிடம் சேர வேண்டாம்.

மூன்றாம் மாதக் கடைசியில் நோட்டின் மூன்று மாதப் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றாவது குறி போட்ட வரிகளின் கூட்டுத்தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் மாதத்தில் 2,800 என்றிருந்தது இப்போது 1,100 என்று இறங்கியிருந்தால், குறைந்த 1,700 ரூபாயை, சம்பளம் விழும் தேதிக்கு அடுத்த நாளில் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிட்டு, தேநீரை வழக்கப்படியே குடியுங்கள்.